ஈலேப்எஃப்டிடபிள்யூ என்ற மின்னணு ஆய்வகக் குறிப்பேடு: இருபது மாதம் பயன்படுத்திய ஓர் ஆய்வு மாணவியின் மதிப்புரை

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணிக்கு எங்கள் லேபில் முன்னேற்றக் கூட்டம். ஆய்வு மாணவர்கள் நான்கு பேர், எங்கள் நெறியாளர் மேடம், ஒரு ப்ரொஜெக்டர். ஆளுக்கு இரண்டு பக்க அறிக்கை முந்தைய நாளே மேடம் மேசைக்குப் போயிருக்க வேண்டும். 2022-இல் வந்த யுஜிசி விதிமுறைப்படி பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று முன்னேற்றத்தை விளக்க வேண்டும். மேடத்துக்கு அது போதாது. "ஆறு மாசம் விட்டா தப்பு வேர் பிடிச்சுடும்மா. ஒரு மாசத்துல பார்த்தா கிள்ளிப் போட்டுடலாம்" என்பார்.

நான் பிஸ்மத் ஃபெரைட்டில் வேலை செய்கிறேன். ஒரே பொருளில் காந்தப் பண்பும் மின்முனைவுப் பண்பும் சேர்ந்திருக்கும், அதுவும் அறை வெப்பநிலையிலேயே. அதனால்தான் உலகம் முழுக்க இத்தனை பேர் இதன் பின்னால் ஓடுகிறார்கள். ஆனால் இதைத் தூய்மையாகச் செய்து எடுப்பது பெரும்பாடு. சூட்டில் பிஸ்மத் ஆவியாகிப் போகும். பிஸ்மத் கொஞ்சம் குறைந்தால் ஒரு வேண்டாத கட்டம் (வேறு அமைப்புள்ள கலப்புப் பொருள்) முளைக்கும், கூடினால் வேறொன்று முளைக்கும். ஆகவே மாத அறிக்கையில் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும் என்றால், எந்த நாள், எந்தப் புட்டி, எத்தனை கிராம், எத்தனை டிகிரி என்று அத்தனையும் கையில் இருக்க வேண்டும்.

2022 ஜூலையில் சேர்ந்தேன். முதல் இருபது மாதம் கறுப்பு அட்டை போட்ட நீளக் குறிப்பேட்டில்தான் எழுதினேன். மாதம் முடியும் வாரத்தில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபர்னஸ் டிஸ்ப்ளேயை எடுத்த படத்தைப் போன் கேலரியில் தேடுவேன். எக்ஸ்ஆர்டி (தூளில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) கோப்பு வாட்ஸ்ஆப்பில் கிடக்கும். ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த படம் ஏதோ ஒரு பென் டிரைவில் இருக்கும். தேடிச் சேர்ப்பதிலேயே இரண்டு இரவு போய்விடும். நேரம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த அவசரத்தில் அறிக்கையில் ஏறியதெல்லாம் நன்றாக வந்த சாம்பிள்கள் மட்டும்தான். சரியாக வராதவை குறிப்பேட்டில் "இம்ப்யூரிட்டி, மறுபடி செய்ய வேண்டும்" என்ற ஒரு வரியோடு நின்றுபோயின. ஒரு மாதம் முழுக்க ஐந்து சாம்பிள் கெட்டுப்போயிருக்கும். அறிக்கையைப் படிப்பவருக்கு நான் ஒன்றே ஒன்று செய்தது போலவும், அது நன்றாக வந்தது போலவும் தெரியும்.

2024 ஏப்ரலில் ஈலேப்எஃப்டிடபிள்யூவுக்கு மாறினோம். இனி ஈலேப் என்றே சொல்கிறேன். பாரிஸில் உள்ள கியூரி ஆய்வு நிறுவனத்தில் நிக்கோலா கார்ப்பி என்பவர் எழுதத் தொடங்கிய மின்னணு ஆய்வகக் குறிப்பேடு இது. மூல நிரல் திறந்தது, ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், மென்பொருளுக்குக் காசு கிடையாது. நாமே ஒரு கணினியில் நிறுவிக்கொண்டு உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். நிறுவவும் பராமரிக்கவும் ஆள் இல்லாதவர்களுக்குக் கட்டணச் சேவையும் உண்டு. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

நிறுவும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள். லேபில் ஓரமாகக் கிடந்த எட்டு ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டோம். ஈலேப் டாக்கர் வழியாக ஓடுகிறது. ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பொதியாக ஓட்டும் கருவிதான் டாக்கர், அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. கணினித் துறையில் எம்எஸ்சி படிக்கும் தம்பி ஒருவர் இரண்டு சனிக்கிழமை வந்து உதவினார். நிறுவுவதற்கென்று ஈலேப்கண்ட்ரோல் என்ற சிறிய நிரல் கூடவே வருகிறது. அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழிலும் மின்னஞ்சல் அமைப்பிலும் போயிற்று. ஈலேப் பாதுகாப்பான இணைப்பில்தான் திறக்கும். துறைக்குள் மட்டும் ஓடும் கணினிக்கு முறையான சான்றிதழ் வாங்க வழி இல்லாததால் நாங்களே ஒன்று உருவாக்கிக்கொண்டோம். அதனால் இன்றும் புதிதாக ஒரு கணினியில் திறந்தால் உலாவி சிவப்பாக எச்சரிக்கும், ஒருமுறை தாண்டிப் போக வேண்டும். மின்னஞ்சலைச் சரியாக அமைக்காமல் விட்டால் கடவுச்சொல்லை மறந்தவர் தானாக மீட்டுக்கொள்ள முடியாது. எங்கள் நான்கு பேரில் மூன்று பேர் முதல் மாதத்திலேயே மறந்தோம். இந்த இரண்டையும் முதல் நாளே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் இரண்டு பெரிய அறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோதனைகள், மற்றொன்றில் வளங்கள். வளம் என்றால் வேதிப்பொருள் புட்டி, ஃபர்னஸ், தராசு, க்ரூசிபிள் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்), அகேட் உரல், எதுவானாலும் அதற்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம். சோதனைப் பக்கத்தில் எந்தப் புட்டியிலிருந்து எடுத்தோம், எந்த ஃபர்னஸில் சுட்டோம் என்று இணைப்புக் கொடுக்கலாம். இணைத்த பிறகு அந்தப் புட்டியின் பக்கத்துக்குப் போனால், அதைத் தொட்ட எல்லாச் சோதனைகளையும் வரிசையாகப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

சோதனைக்கு டெம்ப்ளேட் போட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் டெம்ப்ளேட்டில் எடைகள், அமில அளவு, கலக்கிய வெப்பநிலை, ஃபர்னஸ் ஏறிய வேகம், நிறுத்தி வைத்த நேரம், க்ரூசிபிள் எண் எல்லாம் தனித்தனிக் கட்டங்களாக இருக்கின்றன. கட்டம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். குறிப்பேட்டில் அப்படி உறுத்தாது, எழுதாமல் விட்டதே தெரியாது. ஃபர்னஸ் ஏறிய வேகத்தை நான் முதல் இருபது மாதத்தில் பாதி நாள் எழுதவே இல்லை என்பது டெம்ப்ளேட் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் நிலை. நிறுவியவுடனேயே ஈலேபில் நான்கு நிலைகள் இருக்கும்: நடக்கிறது, வெற்றி, மறுபடி செய்ய வேண்டும், தோல்வி. நீலம், பச்சை, சாம்பல், சிவப்பு. தோல்விக்கென்று ஒரு பெயரும் நிறமும் முதல் நாளிலிருந்தே இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதை ஒளித்துவைக்க இடமில்லை, ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. மேடம் போட்ட ஒரே விதி, சிவப்புப் பக்கமும் பச்சைப் பக்கம் அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

சரி, புட்டிக் கதைக்கு வருகிறேன்.

2024 அக்டோபரில் என் சாம்பிள்கள் கெட ஆரம்பித்தன. செய்முறை மாறவில்லை. 0.01 மோல் அளவுக்கு பிஸ்மத் நைட்ரேட் பென்டாஹைட்ரேட் 4.851 கிராம், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் வெள்ளையாகத் திரிந்துவிடும். இரும்பு நைட்ரேட் நோனாஹைட்ரேட் 4.040 கிராம். இரண்டையும் சேர்த்து, டார்ட்டாரிக் அமிலம் போட்டு, 80 டிகிரியில் கலக்கிக்கொண்டே வற்றவிட்டு, காய்ந்ததை அரைத்து, 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் செம்பழுப்புத் தூள் வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இதே வழியில் நன்றாக வந்தது. எக்ஸ்ஆர்டியில் 32 டிகிரிக்கு அருகே ஒட்டிப் பிறந்தது போன்ற இரட்டைப் பீக் (வரைபடத்தில் எழும் கூர்முனை), வேண்டாத பீக் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்டோபர் சாம்பிளில் 28 டிகிரிக்கு அருகே ஒரு குட்டிப் பீக் எழுந்தது. எங்கள் துறையில் எக்ஸ்ஆர்டி இல்லை. வெளியே ஓர் ஆய்வு மையத்துக்கு அனுப்பித்தான் எடுக்கிறோம், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வந்த கோப்பில் பீக்குகள் எல்லாமே லேசாக நகர்ந்திருந்தன. தட்டில் தூள் கொஞ்சம் மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் அப்படி ஆகும். அதனால் அந்தப் பீக் 27.7-இல் இருக்கிறதா 28.2-இல் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் அரை டிகிரிதான். ஆனால் அர்த்தம் நேர் எதிர். 28.2 என்றால் பிஸ்மத் குறைந்து இரும்பு மிஞ்சிய கட்டம். 27.7 என்றால் பிஸ்மத் மிஞ்சிய சில்லனைட் என்ற கட்டம். எல்லோரும் படித்து வைத்திருப்பது பிஸ்மத் ஆவியாகும் என்பது. ஆகவே பிஸ்மத் குறைந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த சாம்பிளில் பிஸ்மத்தை ஐந்து சதவீதம் கூட்டிப் போட்டேன். பீக் குறையவில்லை, வளர்ந்தது. ஃபர்னஸ் சொல்வதைவிடக் கூடுதலாகச் சுடுகிறது என்று நினைத்து வெப்பநிலையைக் குறைத்தேன். அதுவும் உதவவில்லை. நவம்பர் முடிவில் என் பெயரில் ஆறு சிவப்புப் பக்கங்கள் இருந்தன.

பழைய பழக்கமாக இருந்திருந்தால் அந்த மாத அறிக்கையில் ஜூலை மாதச் சாம்பிளின் காந்த அளவீட்டை எழுதி ஒப்பேற்றியிருப்பேன். இப்போது சிவப்பு ஆறும் பட்டியலில் நிற்கின்றன, எழுதாமல் இருக்க முடியாது. கூட்டத்தில் திரையில் ஓடவிட்டேன். மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறுக்கும் பொதுவா என்ன இருக்கு?" என்று கேட்டார்.

முதலில் ஃபர்னஸின் பக்கத்தைத் திறந்தேன். அதே மஃபிள் ஃபர்னஸில் அதே இரண்டு மாதத்தில் அண்ணா ஒருவர் பேரியம் டைட்டனேட் சுட்டிருந்தார். நான்கும் பச்சை. தராசின் பக்கம், அங்கேயும் சிவப்பும் பச்சையும் கலந்துதான் இருந்தன. பிஸ்மத் நைட்ரேட் புட்டியை அக்டோபரில் புதிதாகத் திறந்தது நினைவுக்கு வந்து அதைப் பார்த்தேன். ஆனால் முதல் கெட்ட சாம்பிள் பழைய புட்டியில் செய்தது. கடைசியாக இரும்பு நைட்ரேட். ஐந்நூறு கிராம் புட்டி, ஜூலையில் திறந்தது. அந்தப் பக்கத்தில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வரிசைகள் பச்சை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சிவப்பும் சாம்பலும். அதில் என்னுடையது ஆறு. ஏழாவது பக்கம், எனக்குப் பின் லேபில் சேர்ந்த தம்பி ஒருவருடையது. அவர் செய்வது லந்தனம் ஃபெரைட். அவருக்கும் அக்டோபரில் இரும்பு குறைந்து லந்தனம் மிஞ்சியிருந்தது. லந்தனம் ஆக்சைடு காற்றில் ஈரம் பிடிக்கும் என்பதால் அதை 900 டிகிரியில் சுட்டு உலர்த்தித்தான் எடை போடுவார், அதனால் அந்தப் பக்கம் தப்பு இல்லை. எங்கோ கைதவறிவிட்டது என்று நினைத்து "மறுபடி செய்ய வேண்டும்" என்று சாம்பல் நிறத்தில் போட்டு வைத்திருந்தார். நான் தம்பியின் பக்கத்தை அதுவரை பார்த்ததே இல்லை, அவர் என்னுடையதைப் பார்த்ததில்லை. எங்கள் மேசைகளுக்கு நடுவே பத்தடிதான் இருக்கும்.

இரும்பு நைட்ரேட் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். நன்றாகவே இழுக்கும், திறந்து வைத்தால் தானே கரையும் அளவுக்கு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. புட்டியை நாங்கள் அடிக்கடி திறந்து மூடினோம். உள்ளே இருந்த ஊதாப் படிகங்கள் ஈர மணல் போலக் கட்டியாகிவிட்டிருந்தன. அதைக் கரண்டியால் சுரண்டி 4.040 கிராம் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசு சரியாகத்தான் காட்டியது. ஆனால் எடையில் ஒரு பங்கு தண்ணீர்.

மறுநாளே சோதித்தோம். அந்தப் புட்டியிலிருந்து ஒரு கிராம் எடுத்து அலுமினா க்ரூசிபிளில் வைத்து மெல்லச் சூடேற்றி 600 டிகிரியில் சுட்டால் ஃபெரிக் ஆக்சைடு மட்டும் மிஞ்சும். புட்டியில் இருப்பது சரியான நோனாஹைட்ரேட்டாக இருந்தால் 0.198 கிராம் வர வேண்டும். எனக்கு 0.184 வந்தது. அதாவது ஏறத்தாழ ஏழு சதவீதம் இரும்பு குறைவு. இந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டால் மிஞ்சிய பிஸ்மத் முழுவதும் சில்லனைட்டாக மாறி, தூளில் ஐந்தரை சதவீத எடை அதுவாகவே இருக்கும். எக்ஸ்ஆர்டியில் குட்டிப் பீக்காகத் தெரிவதற்குத் தாராளமாகப் போதும். பிஸ்மத்தைக் கூட்டிப் போட்டபோது பீக் ஏன் வளர்ந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. மிஞ்சிக் கிடந்ததோடு நான் இன்னும் சேர்த்திருக்கிறேன்.

அதே ஈரப் புட்டியிலிருந்தே 4.040-க்குப் பதில் 4.34 கிராம் எடுத்து, பிஸ்மத்தைப் பழைய அளவுக்கே இறக்கி மறுபடி செய்தேன். டிசம்பர் கடைசி வாரம் எக்ஸ்ஆர்டி வந்தது. 28 டிகிரிப் பக்கம் வெறும் தரை. அன்று அந்தப் பக்கத்தைப் பச்சையாக்கியபோது இருந்த சந்தோஷத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, அப்ப நான் அன்னைக்குக் கைதவறலையா?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு மாதமாக அதைத் தன் தப்பு என்று மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

இதைக் காகிதக் குறிப்பேட்டில் கண்டுபிடித்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும். நான்கு பேருடைய குறிப்பேடுகளையும் ஒன்றாக வைத்து, எல்லோரும் புட்டி எண்ணை எழுதியிருந்தால் முடியும். நான் எழுதியதில்லை. யாரும் எழுதியதில்லை. என் ஐந்நூறு மணி நேர வேலையும் தம்பியின் வேலையும் ஒரே புட்டியில் சந்திக்கும் இடம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை, ஈலேபில் இருந்தது.

இப்போது மாத அறிக்கை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். புதன்கிழமை மாலை, அந்த மாதத் தேதியைக் கொடுத்து என் சோதனைகளை வடிகட்டுவேன். நிலைவாரியாகப் பிரித்துப் பார்ப்பேன். தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக இறக்கிப் பின்னிணைப்பாக வைப்பேன். முன்னால் இரண்டு பக்கம் நானே எழுதுவது. முதல் பக்கத்தில் என்ன தெரிந்துகொண்டேன், இரண்டாவதில் எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று நினைக்கிறேன், அடுத்த மாதம் என்ன. அந்த இரண்டு பக்கத்தை எந்த மென்பொருளும் எழுதித் தராது, எழுதித் தரவும் கூடாது. ஈலேப் நிறுவினால் அறிக்கை தானாக வந்து விழும் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். தேடும் இரண்டு இரவுகள் மிச்சம், அந்த நேரம் யோசிக்கக் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

கையுறையோடு தராசு முன் நிற்கும்போது தட்டச்சு செய்ய முடியாது. அதனால் தராசுக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு காகிதக் குறிப்பேடு இருக்கிறது. எடையை உடனே அதில் எழுதி, அன்று மாலையே ஈலேபில் ஏற்றுகிறேன். இரட்டை வேலைதான். மறுநாள் ஏற்றலாம் என்று விட்டால் அது ஒரு வாரமாகிவிடும், அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். காகிதப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அதே பதிவில் இணைத்துவிடுவது எனக்கு ஒத்துவருகிறது. போன் உலாவியிலும் ஈலேப் திறக்கும். படம் ஏற்ற அது போதும், நீளமாக எழுதப் போதாது.

வேதியியல்காரர்களுக்கு மூலக்கூறு வரையும் வசதி தந்திருக்கிறார்கள். ஆக்சைடு சுடுகிற எங்களுக்கு அதனால் பயனில்லை. எக்ஸ்ஆர்டி தரவை நான் ஆரிஜினில் வரைந்து படமாக ஏற்றுகிறேன், மூலக் கோப்பையும் கூடவே இணைக்கிறேன். மூலக் கோப்பை இணைக்காமல் படத்தை மட்டும் ஏற்றினால் ஆறு மாதம் கழித்து பகுத்துப் பார்க்க முடியாது. தயவுசெய்து இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

கருவி முன்பதிவுக்கு நாள்காட்டி உண்டு. நான்கு பேர் உள்ள லேபில் "அண்ணா, நாளைக்கு ஃபர்னஸ் எனக்கு" என்று சொன்னால் போதும் என்று நினைத்தோம். ஆனால் வெளியூர் போயிருந்த ஒருவர் தன் சாம்பிளுக்கு இடம் பிடித்து வைக்க இது உதவியது, அதனால் விடாமல் பயன்படுத்துகிறோம். நம்பகமான நேரமுத்திரை வாங்கும் வசதியும் இருக்கிறது, எந்தப் பதிவு எந்த நாளில் இருந்தது என்று பின்னாளில் நிரூபிக்க. அதற்கு இணையம் வேண்டும். காப்புரிமை பற்றி யோசிக்கிற லேப்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்களுக்குத் திருத்த வரலாறே போதுமாக இருக்கிறது: பதிவின் உடலில் எதை மாற்றினாலும் பழைய வடிவங்களைத் திரும்பப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் தந்த ஒன்று மின்வெட்டு. 2025 மே மாதம் ஒரு பிற்பகல், கரண்ட் போய் யுபிஎஸும் கைவிட்டு, டெஸ்க்டாப் சட்டென்று அணைந்தது. திரும்ப வந்தபோது ஈலேப் திறக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நான்கு பேரின் ஓராண்டு வேலை அதில் இருந்தது. மறுநாள் கணினித் துறைத் தம்பி வந்து டாக்கரை மறுபடி கிளப்பியதும் எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு வரிகூடப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளி வட்டில் நகல் எடுக்கிறேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தரவுத்தளம் ஒரு இடத்திலும், நாம் ஏற்றிய கோப்புகள் வேறு இடத்திலும் இருக்கின்றன. இரண்டையும் நகல் எடுக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் எழுத்து திரும்ப வரும், எக்ஸ்ஆர்டி கோப்பு ஒன்றுகூட வராது.

மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். லேபில் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவராவது பொறுப்பு ஏற்க வேண்டும், அவர் பட்டம் வாங்கிப் போகும் முன் அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும். இப்போது அந்தப் பொறுப்பு என்னிடம். எங்கள் லேப் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன், படிப்படியாகத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி அதையும் ஈலேபில் ஒரு வளமாகச் சேர்த்திருக்கிறேன். உள்ளே தமிழில் எழுதலாம், தேடலாம், ஒரு சிக்கலும் வரவில்லை. காரணங்களை யோசித்து எழுதும் இடங்களில் நான் தமிழில்தான் எழுதுகிறேன், எண்களும் தலைப்பும் ஆங்கிலத்தில்.

செலவு என்று பார்த்தால், பழைய கணினி சும்மா கிடைத்தது. வெளி வட்டு ஒன்று, யுபிஎஸுக்குப் புது மின்கலம் ஒன்று, அவ்வளவுதான் வாங்கினோம். தனியாக ஒருவர் மட்டும் வேலை செய்கிற இடமாக இருந்தால், நல்ல குறிப்பேடும் புட்டி எண்ணை எழுதும் பழக்கமும் போதும், இந்த அலைச்சல் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று பேருக்கு மேல் ஒரே ஃபர்னஸையும் ஒரே அலமாரியையும் பகிர்கிற லேபாக இருந்தால் தயங்க வேண்டாம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைப்பது நிறுவும் சிரமத்துக்கு.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் யோசனை: பழைய குறிப்பேடுகளை ஏற்றும் வேலையில் இறங்காதீர்கள், அதிலேயே சலித்துவிடும். முதல் வாரம் சோதனையே பதிய வேண்டாம். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு பக்கம் போடுங்கள், வாங்கிய நாள், திறந்த நாள், தொகுதி எண். ஈலேபே க்யூஆர் ஒட்டுகளை அச்சிடத் தருகிறது. அதைப் புட்டியில் ஒட்டிவிட்டால் போனைக் காட்டியதும் பக்கம் திறக்கும். எங்களுக்கு அறுபத்து மூன்று புட்டிகள் இருந்தன, நான்கு பேர் சேர்ந்து இரண்டு நாளில் முடித்தோம்.

இரும்பு நைட்ரேட்டை இப்போது நூறு கிராம் புட்டியாகத்தான் வாங்குகிறோம். டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத பாத்திரத்துக்குள் இருக்கிறது, சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் அன்றே அடுப்பில் உலர்த்த வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு கிராம் சுட்டு எடை பார்த்துப் புட்டியின் பக்கத்தில் எழுதுகிறோம், அது தம்பியின் பொறுப்பு. போன மாதம் 0.196 வந்தது. இந்த மாதம் மழை இன்னும் விடவில்லை, வியாழக்கிழமை சுடப்போகிறோம்.